நடுவயதில் ஓட்டம்: ஒரு வரலாறு

ஓடுதல் என்னும் சொல்லுக்கு நம் வழக்கிலே நல்ல பெயர் வாய்த்ததில்லை. கடனுக்கு அஞ்சியவன் ஊரை விட்டு ஓடுகிறான். போரிலே தோற்றவன் புறங்காட்டி ஓடுகிறான். வீடு தங்காதவரை ஓடுகாலி என்கிறோம். குழந்தை ஓடினால் மகிழ்வோம். இளைஞன் பந்தயத்தில் ஓடினால் கைதட்டுவோம். ஆனால் நாற்பதைக் கடந்த குடும்பத் தலைவர் ஒருவர், அரைக்காற்சட்டை அணிந்து, விடியற்காலையில் தெருவிலே ஓடுவாராயின், "என்ன ஐயா, ரயில் தவறிவிட்டதா?" என்று வினவும் நகைச்சுவையாளர் ஒருவர் எத்தெருவிலும் இருப்பார். திருமுல்கேரியில் நாம் முதன்முதல் ஓடத் தொடங்கிய நாளில் இவ்வினா நமக்கும் வந்தது. வினவியவர் நல்லவர், நம் மீது அன்புடையவர். அவர் சிரித்தது நமக்கு வருத்தம் தரவில்லை. வயது வந்தவன் ஓடினால் சிரிக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர் யார் என்னும் எண்ணமே எஞ்சியது. அதனைத் தேடப் புகுந்தபோது கிடைத்த செய்திகளுள் சிலவற்றை இம்மலரிலே நம் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பழைய நாளில் ஓட்டம் கூலிக்குரிய தொழில். தபால் வண்டிகளும் இருப்புப் பாதையும் வருமுன், கடிதங்களை ஊர் ஊராகச் சுமந்தவர் தபால் ஓட்டக்காரரே. ஒருவர் சில மைல் தூரம் ஓடி, அடுத்தவரிடம் பையை ஒப்படைப்பார். அவர் வாங்கிக்கொண்டு இருட்டோ மழையோ பாராமல் ஓடுவார். கையிலே ஈட்டி, அதிலே மணி. காட்டு வழியில் விலங்கை வெருட்டவும், ஊர் வழியில் ஆட்களை விலக்கவும் அம்மணி பயன்பட்டது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் இவ்வமைப்புக்கு அஞ்சல் என்றே பெயர். நாஞ்சில் நாட்டுத் தமிழர் பலருக்கு அஞ்சலோட்டக்காரரைப் பற்றிய கதைகள் பாட்டன்மார் வாயிலாகத் தெரிந்திருக்கும். 1951ஆம் ஆண்டில் அந்த அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. துறை மறைந்தது, சொல் மட்டும் நம் தமிழ்நாட்டு அஞ்சலகங்களின் பெயர்ப்பலகைகளிலே இன்றும் நிற்கின்றது.

ஓட்டக்காரர் ஓடினார் என்றால், கடிதம் எழுதிய துரையும் திவானும் எங்கே இருந்தனர்? அமர்ந்திருந்தனர். பல்லக்கைச் சுமந்த போயிகள் ஓட, உள்ளிருந்த பெருமகன் சாய்ந்திருந்தார். ஹைதராபாத் நவாபுகளின் பல்லக்கும் நம் நாட்டு ஜமீன்தாரின் பல்லக்கும் இவ்வகையில் ஒன்றே. ஓடுபவன் கீழ், அமர்பவன் மேல். வயது ஏற ஏற மதிப்பு ஏறும். மதிப்பு ஏற ஏற உடல் அசைவு குறையும். தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகக் கண்டதும் இந்த எண்ணத்தின் மறுபக்கமே. நம்மைக் கண்டு சிரித்த நண்பர் இப்பழைய பாடத்தைத்தான் ஒப்பித்தார் போலும்.

ஆனால், ஈண்டு நாம் மறந்துவிட்ட ஒன்று உண்டு. சிகந்தராபாத்திலே தமிழர் குடியேறிய வரலாறே கால்களால் எழுதப்பட்டது. 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் கும்பினியாரின் படை நிஜாமின் தலைநகருக்கு அருகே நிலைகொண்டது. 1806இல் அப்படைவீடு, அன்றைய நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் சிகந்தராபாத் ஆயிற்று. வந்த படைகளுள் பெரும்பகுதி சென்னை இராணுவத்தைச் சேர்ந்தது. சிப்பாய்களோடு அவர்தம் குடும்பத்தாரும், சமையற்காரரும், கணக்கரும், குத்தகைக்காரரும், வணிகரும் வந்தனர். 1874இல்தான் நிஜாமின் இருப்புப் பாதை சிகந்தராபாத்தை எட்டியது. அதற்கு முன் வந்தோர் எல்லாரும் சென்னையிலிருந்தும் பிற படைவீடுகளிலிருந்தும் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வீதம் நடந்து வந்தனர்; வசதியுள்ள சிலர் மாட்டுவண்டியிலே வந்தனர். சென்னையிலிருந்து இவ்வூர் ஏறத்தாழ 630 கிலோமீட்டர். திருமலகிரி என்னும் ஊர்ப்பெயரை வெள்ளையர் நா திருமுல்கேரி ஆக்கியது. அப்பெயரை நாமும் அவ்வாறே ஏற்றுக்கொண்டோம். அங்கே பாசறை அமைத்தவர் காலையில் ஓடினர். தவறு செய்தவர் தண்டனையாகவும் ஓடினர். படைத்துறையில் பணியாற்றிய நம் பெரியவர்கள் மூட்டையைச் சுமந்து மைதானத்தை இரட்டை நடையிலே சுற்றியதைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்கு ஓட்டம் என்றால் கட்டளை. ஓய்வு பெறுதல் என்றால் அக்கட்டளையிலிருந்து விடுதலை. ஓய்வு பெற்ற பின்னும் ஒருவன் தன் விருப்பத்தால் ஓடுவான் என்பது அவர்களுக்கு விளங்காமற் போனதில் வியப்பில்லை.

மருத்துவமும் அந்நாளில் அமர்ந்திருப்போர் பக்கமே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலே கிடத்துவது முறை. புரண்டு படுப்பதற்கும் பிறர் உதவ வேண்டும். தளர்ந்த இதயத்துக்கு ஓய்வே மருந்து என்பது அன்றைய துணிபு. முறிந்த காலுக்கு ஓய்வு தருவது போல, காயமுற்ற இதயத்துக்கும் ஓய்வு தருவோம் என்று எண்ணினர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நெடுநாள் கிடந்தவரின் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அதுவே உயிரைக் குடித்த செய்தி பின்னரே விளங்கிற்று. படுக்கையை விட்டு நாற்காலியிலேனும் அமர்த்துங்கள் என்று அமெரிக்க மருத்துவர் லெவைனும் அவருடைய மாணவர் லௌனும் 1952இல் எழுதியபோது, அதுவே பெருந்துணிவாகக் கருதப்பட்டது. 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் காண வந்த இதய மருத்துவர் பால் டட்லி வொயிட், நோயாளி மீண்டும் சுறுசுறுப்பாக வாழலாம் என்று நாடறியச் சொன்னார். அம்மருத்துவர் தாமே நடப்பவர், மிதிவண்டி ஓட்டுபவர். ஐசனோவர் மறு ஆண்டு தேர்தலில் நின்று வென்றார்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஆராய்ச்சி ஒன்று லண்டன் மாநகரத்துப் பேருந்திலே நிகழ்ந்தது. இது நமக்கு மிகவும் பிடித்த செய்தியாதலின் சற்று விரித்துரைக்கின்றோம்.

ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்று ஆராயப் புகுந்தார். லண்டன் நகரப் பேருந்துகள் இரண்டு அடுக்குடையவை. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மாடிப்படியிலே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை கால் வைத்து ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே நிறுவனம்; ஏறத்தாழ ஒரே வாழ்க்கை. 35 முதல் 64 வரை வயதுடைய ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் நோய்க் கணக்கை மாரிஸ் திரட்டினார். நடத்துநர்க்கு இதயநோய் குறைவு, வந்தாலும் பிற்பட்ட வயதில் வந்தது, கடுமையும் குறைவாயிருந்தது. பின்னர் தபால் துறையைப் பார்த்தார். நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டு சென்ற தபால்காரருக்கு, மேசையருகே அமர்ந்த எழுத்தரையும் தொலைபேசி இணைப்பாளரையும் விட இதயநோய் குறைவு. நம் பழைய தபால் ஓட்டக்காரர் நினைவுக்கு வருகிறாரன்றோ? 1953ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன.

பலர் நம்பவில்லை. ஐயம் கொள்வது நேர்மையே. ஓட்டுநராகச் சேருவோர் முதலிலிருந்தே பருத்தவராக இருக்கலாமே என்றனர். மாரிஸ் அவர்கள் இதற்கு விடை தேடிச் சென்ற இடம் சீருடைக் கிடங்கு! ஓட்டுநர்க்கும் நடத்துநர்க்கும் வழங்கிய காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். இளவயதிலேயே ஓட்டுநரின் இடுப்பு சற்றுப் பெரிதாகவே இருந்தது. தமக்கு எதிராக நிற்கக்கூடிய இச்செய்தியையும் அவர் மறைக்காமல் 1956இல் வெளியிட்டார். பிறகு இடுப்பளவை ஒப்பிட்டுப் பார்த்தும், பிற தொழில்களை ஆராய்ந்தும் தம் கருத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். படைத்தளவாடக் கிடங்குகளில் சீருடைக் கணக்கு எழுதிய நம்மவர் பலர் உளர். தாம் எழுதிய பேரேட்டில் இத்தகைய உண்மை உறங்கியிருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். மாரிஸ் பிற்காலத்தில் தாமும் லண்டனிலே மெல்லோட்டம் பயின்றார். 1910இல் பிறந்தவர், 2009இல் மறைந்தார். நூறாண்டுக்குச் சில திங்களே குறைவு.

மாரிஸ் கணக்கால் காட்டியதைக் காலால் காட்டியவர் ஒரு செருப்புத் தொழிலாளி. நியூசிலாந்து நாட்டு ஆக்லந்து நகரிலே காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்டு, இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடப் போய், மூச்சு வாங்கி வெட்கினார். 'இப்பொழுதே இப்படியென்றால் நாற்பதில் என்ன ஆவோம்?' என்னும் அச்சமே அவருக்கு ஆசிரியராயிற்று. பல்கலைக்கழகம் சென்றவரல்லர். தம் உடலையே சோதனைச்சாலையாக்கி, எவ்வளவு தூரம், எவ்வளவு மெதுவாக ஓடினால் உடல் வலுப்பெறும் என்று ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றிய ஸ்னெல் 800 மீட்டரிலும், ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் பெற்றனர். மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

லிடியார்டின் புகழ் அங்கே முடிந்திருந்தால் நம் கட்டுரைக்கு அவர் வேண்டுவதில்லை. வெற்றிக்குப் பின் ஆக்லந்து நகரத்து வணிகப் பெருமக்கள் அவரை அழைத்துப் பேசச் செய்தனர். கேட்டவர்கள் பருத்த உடலினர்; அவர்களுள் மாரடைப்பிலிருந்து பிழைத்தவரும் இருந்தனர். "நீங்களும் ஓடலாம், மெதுவாக ஓடுங்கள், பக்கத்திலிருப்பவருடன் பேச முடிகிற அளவு மெதுவாக" என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். 1962இல் ஆக்லந்து மெல்லோட்டச் சங்கம் பிறந்தது. போட்டியில்லை, பரிசில்லை. மருத்துவர்கள் பலர் அஞ்சிய செயலை, கணக்கரும் கடைக்காரரும் ஞாயிறு தோறும் செய்தனர். நடுவயது ஓட்டத்தின் இன்றைய வரலாறு அந்த நாளிலே தொடங்கிற்று என்று கொள்வது பொருந்தும். வீரர்கள் அதனைத் தொடங்கவில்லை. ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் தொடங்கினர்.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் லிடியார்டைக் காண வந்தார். வயது 51. ஆண்டுதோறும் இளைஞர்களை ஓட வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை மெல்லோட்டத்துக்கு அவரையும் அழைத்தனர். சிறிது தொலைவிலேயே மூச்சு முட்டிற்று. கூட்டம் முன்னே சென்றுவிட்டது. எழுபதைக் கடந்த, முன்பு மாரடைப்பு கண்ட ஒரு முதியவர் மட்டும் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி உடன் வந்தார். பிறரைக் கடிகாரம் வைத்து அளந்தவர்க்கு அன்று கிடைத்த பாடம் பெரிது. ஊர் திரும்பி, தம் நகரத்து நடுவயதினரைக் கூட்டினார். இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் மெல்லோட்டம் பற்றி அவர் எழுதிய நூல் பத்து இலட்சம் படிகள் விற்றதாகக் கூறுவர். மறு ஆண்டில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், உயிர்வளியைப் பயன்படுத்தும் பயிற்சிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்னும் அவருடைய எளிய அளவுகோல் பல நாட்டுப் படைவீடுகளுக்குப் பரவிற்று.

இனி, எதிர்ப்பக்கத்தார் தவறாமல் எடுத்துக்காட்டும் ஒரு மரணத்தைச் சொல்லியாக வேண்டும். ஜிம் ஃபிக்ஸ் என்பவர் பத்திரிகை ஆசிரியர். 35ஆம் வயதில் பருத்த உடலும் நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டும் கொண்டிருந்தார். ஓடத் தொடங்கினார், இளைத்தார், புகையை விட்டார், 1977இல் ஓட்டம் பற்றிய நூல் எழுதிப் பெரும் புகழ் பெற்றார். 1984 ஜூலையில், 52ஆம் வயதில், ஓடிவிட்டு வரும் வழியிலே விழுந்து இறந்தார். ஓடாதவர் அனைவரும் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பர்! ஆனால் பிணச்சோதனையில் அவருடைய இதயக் குழாய்கள் அடைபட்டிருந்தது தெரிந்தது. அவர் தந்தைக்கு 35ஆம் வயதில் மாரடைப்பு. 43ஆம் வயதில் மரணம். மகன் தந்தையினும் ஒன்பதாண்டு கூடுதலாக வாழ்ந்தார். ஓடுகிறோம் என்னும் நம்பிக்கையிலே மருத்துவரைக் காணாமல் இருந்தது அவருடைய பிழை என்பதே நம் கருத்து. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நிகழ்ந்த மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களை 2012இல் கணக்கிட்டனர்: ஓடியவர் 109 இலட்சம், இதயம் நின்று வீழ்ந்தவர் 59, அவருள் மாண்டவர் 42. சிறிய எண்தான். ஆயினும் அந்த 42 வீடுகளுக்கு அது சிறிதன்று. ஆகவே நாற்பதைக் கடந்தோர் முதலில் மருத்துவரைக் காண்பதிலே நாணம் கொள்ளலாகாது.

"முழங்கால் தேய்ந்துவிடுமே" என்பது அடுத்த அச்சம். நம் வீட்டார் கூறியதும் இதுவே. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 1984 முதல் ஐம்பதைக் கடந்த ஓட்டக்காரர் 538 பேரையும், ஓடாத 423 பேரையும் இருபதாண்டு அளவும் தொடர்ந்து கவனித்தனர். 19 ஆண்டுகளின் முடிவில் ஓடாதவருள் நூற்றுக்கு 34 பேர் மறைந்தனர். ஓடியவருள் 15 பேர். எழுந்திருத்தல், உடுத்தல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் தளர்ச்சி ஓடியவர்க்குப் பல்லாண்டு பிந்தியே வந்தது. அவருள் ஒரு சிலரின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தனர். ஓடியவர் முழங்கால் மிகுதியாகத் தேய்ந்திருக்கவில்லை. உடல் நலமுடையவரே ஓட வருவர், ஆதலின் இவ்வேறுபாடு முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் வைக்கலாகாது. இது மாரிஸ் அவர்களின் காற்சட்டைப் பாடம். அப்பாடத்தைக் கழித்த பின்னும் மிச்சம் நிற்பது கொஞ்சமன்று.

பெண்டிர் கதை வேறு. அவர்களைத் தடுத்தது சிரிப்பு மட்டுமன்று, சட்டமும் தடுத்தது. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைக் காரணமாகக் காட்டி, அவ்வோட்டத்தை 1960 வரை நீக்கி வைத்தனர். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் சுவிட்சர் என்னும் மங்கை எண் அணிந்து ஓடியபோது, அமைப்பாளர் ஒருவர் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார். 1972இல்தான் அங்கே மகளிர் முறைப்படி அனுமதிக்கப்பட்டனர். ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் 1984இல் வந்தது. நம் நாட்டிலோ தடை ஏட்டில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது. காப்பி போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பெரியவர்களுக்குச் சிற்றுண்டி வைத்த பின் விடியற்காலை எங்கே எஞ்சும்? மகாராட்டிர மாநிலத்து உஷா சோமன் அம்மையார், எழுபதைக் கடந்த வயதில், 2016இல் புடவை உடுத்தி வெறுங்காலுடன் தம் மகனோடு நெடுஞ்சாலையிலே ஓடிய படத்தை நம்மில் பலர் கண்டிருப்பர். பஞ்சாபைச் சேர்ந்த மன் கௌர் அம்மையார் தொண்ணூறைக் கடந்த பின் ஓடப் பழகி, 2017இல் தம் 101ஆம் வயதில் மூத்தோர் உலக விளையாட்டில் 100 மீட்டர் ஓடித் தங்கம் பெற்றார். அவ்வயதுப் பிரிவில் அவருக்குப் போட்டியாளர் இல்லை. அது குறையா, பெருமையா என்று படிப்போர் முடிவு செய்க. அவ்விளையாட்டு நடந்த ஊர், மெல்லோட்டச் சங்கம் பிறந்த அதே ஆக்லந்து.

இந்தியாவில் பொதுமக்கள் பெருந்திரளாக ஓட வந்தது 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பின்னரே. ஹைதராபாத்தில் 2007இல் ஓட்டக்காரர் சங்கம் அமைந்தது. 2011 முதல் நகர மாரத்தான் ஆகஸ்டுத் திங்களில் நடைபெறத் தொடங்கியது. உசேன் சாகர் கரையிலே புறப்பட்டு, மேம்பாலங்கள் பலவற்றில் ஏறி இறங்கி, கச்சிபௌலி விளையாட்டரங்கை அடையும் நெடுவழி அது. ஆகஸ்டு மாதத்துப் புழுக்கமும், தக்காணத்துப் பாறை மேடுகளும் ஓடுவோரை நன்றாகவே சோதிக்கும். சமவெளியிலே ஓடிப் பழகிய சென்னை நண்பர்கள் இங்கு வந்து திணறுவதைக் காண்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

சென்னையைச் சொன்னமையால் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். சென்னை மாநகராட்சியின் மேயராக 2006 முதல் 2011 வரை இருந்த மா. சுப்பிரமணியன் அவர்கள் 2004இல் விபத்திலே முழங்காலில் கடுங்காயம் பட்டவர், நீரிழிவும் உடையவர். ஐம்பதைக் கடந்த பின்னரே நெடுந்தொலை ஓட்டத்தைக் கைக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடினார். 2021இல் தமிழ்நாட்டு மருத்துவத் துறை அமைச்சரான பின்னும் ஓட்டத்தை விடவில்லை. அரசியலிலே யார் எக்கட்சியினராயினும் ஆகுக. பல்லக்கில் அமர்ந்திருப்பதே பதவிக்கு அழகு என்று நெடுங்காலம் எண்ணிய நாட்டில், பதவியிலிருப்பவர் வியர்வை சொட்ட மக்களோடு தெருவில் ஓடியது ஒரு மாறுதல்தான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று கேட்கலாம். 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் வயது, தென்னாசிய நாட்டவர்க்கு 53 அளவிலும், பிற நாட்டவர்க்கு 59 அளவிலும் இருந்தமை அதன் தொடர் ஆய்விலே தெரிந்தது. ஆறு ஆண்டு! மகளின் படிப்பு முடிவதும், மகனுக்கு வேலை கிடைப்பதும், வீட்டுக் கடன் தீர்வதும் அந்த ஆறு ஆண்டுக்குள்ளேதான். நம் சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டினால், குழுப் படத்திலே நடுவே நின்று, மறு ஆண்டு மலரிலே அஞ்சலிப் பக்கத்துக்குச் சென்றுவிட்ட முகங்கள் உள்ளன. அவர்களுள் சிலருக்கு ஐம்பது நிறையவில்லை. ஓடியிருந்தால் பிழைத்திருப்பர் என்று நாம் சொல்லத் துணியோம். அவர்கள் ஓடலாம் என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை என்பதை மட்டும் அறிவோம்.

தொடங்கும் முறை எளிது. மூச்சு விரைவிலே பழகிவிடும். தசைநாரும் எலும்பும் திங்கள் பல கழித்தே பழகும். மூச்சு தந்த துணிவிலே தூரத்தைக் கூட்டியவரே குதிகால் வலியென்றும் கெண்டைக்கால் பிடிப்பென்றும் மூன்றாம் வாரத்தில் படுக்கின்றனர். நாமும் படுத்தோம். ஆதலால் முதலில் நடை. பிறகு இரு மின்கம்பங்களுக்கு இடையே ஓட்டம், அடுத்த இரண்டுக்கு நடை. பேச முடியாத வேகம் வந்தால் வேகம் மிகுதி என்று பொருள். லிடியார்டு கூறிய இந்த அளவுகோலுக்குக் கடிகாரமும் வேண்டா, காசும் வேண்டா. தமிழர்க்குப் பேச்சுத் துணையும் எளிதிலே கிடைக்கும்.

இவ்வாண்டு நம் குடியிருப்பிலிருந்து எழுவர் காலை ஐந்தரை மணிக்குப் புறப்படுகின்றனர். இருவர் பெண்டிர். மூத்தவருக்கு 63 வயது. படைத்தளவாடக் கிடங்கிலே பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடைத்தெரு முனை வரை சென்று, கடைசியாக வருபவர் வரும் வரை அனைவரும் அங்கே நிற்பர். ரயில் தவறிவிட்டதா என்று நம்மைக் கேட்ட நண்பர் மார்கழி முதல் அக்கூட்டத்தில் இருக்கிறார். இப்பொழுது கடைசியாக வருபவர் அவரே.